யாரிடம் சான்று கேட்கிறோம்? பாலக்காடு, இடுக்கி எல்லையில் காவலும் நீதியும் மைதானமும்

2022 செப்டம்பரில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் ஒரு சாட்சியைக் கண் மருத்துவரிடம் அனுப்பியது. அட்டப்பாடி மது கொலை வழக்கில் அவர் அரசுத் தரப்புச் சாட்சி. வனத்துறையில் தற்காலிகக் காவலராக இருந்தவர். மதுவைக் கும்பல் பிடித்து வைத்திருந்த காட்சி அடங்கிய காணொளியை நீதிமன்றத்தில் ஓடவிட்டார்கள். அதில் அவரும் நிற்கிறார். ஆனால் தனக்குக் காட்சி தெளிவாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். பரிசோதித்த மருத்துவர்கள் பார்வையில் கோளாறு எதுவும் இல்லை என்று அறிக்கை கொடுத்தார்கள்.

மது, பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியில் சிண்டக்கி ஊரைச் சேர்ந்த குறும்பர். மனநலம் பாதிக்கப்பட்டு, வீட்டைவிட்டு விலகிக் காட்டுக்குள் பாறைக்குகையில் தங்கியிருந்தவர். முக்காலி என்ற ஊரின் கடைகளில் அரிசி திருட்டுப் போகிறது என்று பேச்சு எழுந்தது. 2018 பிப்ரவரி 22 அன்று ஒரு கும்பல் காட்டுக்குள் போய் அவரைத் தேடிப் பிடித்தது. கைகளைத் துணியால் கட்டி, தோளில் மூட்டையை ஏற்றி, அடித்துக்கொண்டே முக்காலிக்கு நடத்திவந்தது. பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். போலீஸ் வந்ததும் ஒப்படைத்தார்கள். அகளிக்குக் கொண்டுபோகும் வழியில் ஜீப்பிலேயே உயிர் போய்விட்டது. பையில் இருந்தவை அரிசியும் மிளகாய்ப்பொடியும் போன்ற பலசரக்குச் சாமான்கள்தான்.

படம் எடுத்தவர்களே ஆதாரத்தைத் தயாரித்துக் கொடுத்துவிட்ட வழக்கு இது. அப்படியிருந்தும் தீர்ப்புக்கு ஐந்து ஆண்டுகள் ஆயின. நியமிக்கப்பட்ட சிறப்பு அரசு வழக்கறிஞர்கள் ஒருவர் பின் ஒருவராக விலகினார்கள். 2022 ஜனவரியில், அரசுத் தரப்பு வழக்கறிஞர் எங்கே என்று நீதிமன்றமே கேட்கவேண்டிய நிலை வந்தது. பட்டியலில் இருந்த 127 சாட்சிகளில் 24 பேர் பிறழ்சாட்சிகள் ஆனார்கள். ஜாமீனில் வெளியே இருந்த குற்றம்சாட்டப்பட்டவர்கள் சாட்சிகளைக் கலைக்கிறார்கள் என்று தெரிந்ததும், 2022 ஆகஸ்டில் 12 பேரின் ஜாமீனை நீதிமன்றம் ரத்து செய்தது. சாட்சிகளுக்குப் பாதுகாப்பும் கொடுக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் வழக்கு நிமிர்ந்து நின்றது. 2023 ஏப்ரல் 4 அன்று 16 பேரில் 14 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது; 13 பேருக்கு ஏழாண்டுக் கடுங்காவல். கொலைக் குற்றம் நிலைக்கவில்லை. கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகவே நீதிமன்றம் அதை எடுத்துக்கொண்டது. மதுவின் தாயும் தங்கையும் ஐந்து ஆண்டுகள் நீதிமன்றப் படியேறி நின்றிராவிட்டால் இந்த அளவும் கிடைத்திருக்காது.

கேரளத்தின் தமிழக எல்லையில் நடந்த இத்தகைய வழக்குகளை வரிசையாக எடுத்துப் பார்க்கும்போது, எனக்குத் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது ஒன்றே. இனம், சாதி, மதம், மொழி எதுவானாலும், ஒருவரை இழிவுபடுத்தும் சொல் பின்னால்தான் வருகிறது. அதற்கு முன்பே சந்தேகம் விழுந்துவிடுகிறது. யார் மீது விழுந்ததோ அவரே தான் குற்றமற்றவர், தான் இந்த ஊர்க்காரர், தான் சொல்லும் சாதிக்காரர், தான் பெண் என்று நிரூபிக்கவேண்டியிருக்கிறது. நிரூபிப்பதற்கான காகிதம் பெரும்பாலும் அவரிடம் இருப்பதில்லை. சந்தேகப்பட்டவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. காவல் நிலையம், நீதிமன்றம், வருவாய் அலுவலகம், விளையாட்டு மைதானம் நான்கிலும் இந்த வழக்கம் ஒரே மாதிரி நடக்கிறது.

பாலக்காடு நகரத்தில் புதுப்பள்ளித்தெரு என்று ஓர் இடம். 1991 டிசம்பர் 15 அன்று, பாஜகவின் ஏக்தா யாத்திரையை ஒட்டி எழுந்த பதற்றத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. சிராஜுன்னிஸா என்ற 11 வயதுச் சிறுமி தன் வீட்டருகே குண்டடிபட்டு இறந்தாள். அதன்பிறகு பதிவான போலீஸ் ஆவணத்தில், ஆயுதம் தாங்கிய கும்பலுக்குத் தலைமை தாங்கியவளாக அந்தச் சிறுமியே காட்டப்பட்டிருந்தாள் என்று கேரளத்தில் இன்றுவரை எழுதியும் பேசியும் வருகிறார்கள். சூட்டுக்கு உத்தரவிட்டவர்களில் யாரும் தண்டிக்கப்படவில்லை. இறந்தது யார் என்பதைவிட எந்தத் தெருவில் இறந்தாள் என்பதே அவளை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று முடிவு செய்தது.

எல்லையிலுள்ள வாளையாரைத் தாண்டித் தமிழகப் பக்கம் வந்தால் கோவை. 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் 58 பேரைப் பறிகொடுத்த ஊர். அந்தக் குடும்பங்களின் துயரம் சிறிதும் குறைத்துப் பேசக்கூடியதல்ல. அந்த வழக்கில்தான் கேரள அரசியல்வாதி அப்துல் நாசர் மதனி 1998 மார்ச் முடிவில் கைது செய்யப்பட்டு, விசாரணைக் கைதியாகவே ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் கோவைச் சிறையில் இருந்தார். 2007 ஆகஸ்ட் 1 அன்று நிரபராதி என்று விடுவிக்கப்பட்டார். அவருடைய பேச்சையும் அரசியலையும் கடுமையாக எதிர்த்தவர்கள் பலர். எதிர்க்கக் காரணங்களும் இருந்தன. அதற்காக, தீர்ப்பு வருவதற்கு முன்பே கழிந்துபோன ஒன்பது ஆண்டுகளை நியாயப்படுத்த முடியாது.

இது தனிப்பட்ட ஓர் அதிகாரியின் குணக்கேடு என்று ஒதுக்கிவிட இயலாது. காமன் காஸ் அமைப்பும் வளரும் சமூகங்கள் ஆய்வு மையமும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட இந்தியக் காவல்துறை பற்றிய ஆய்வில், கேட்கப்பட்ட காவலர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் முஸ்லிம்கள் இயல்பாகவே குற்றம் செய்யக்கூடியவர்கள் என்ற கருத்தை ஓரளவாவது ஏற்றார்கள். பல மாநிலங்களில் எடுக்கப்பட்ட கணக்கு அது. காக்கி உடுப்புக்குள் இருப்பவரும் ஊரில் வளர்ந்தவர்தானே. ஊர் நம்புவதை அவரும் நம்புகிறார். அவர் கையில் லத்தியும் எழுதும் புத்தகமும் இருப்பதுதான் வேறுபாடு.

வாளையாருக்குப் பக்கத்து அட்டப்பள்ளம் என்ற சிற்றூர் இரண்டு முறை நாடறிந்த பெயர் ஆகியிருக்கிறது. முதல் முறை 2017இல். 13 வயதும் 9 வயதுமான இரண்டு தலித் சகோதரிகள் இரண்டு மாதத்துக்குள் அடுத்தடுத்து ஒரே வீட்டில் தூக்கில் தொங்கிய நிலையில் காணப்பட்டார்கள். மூத்தவளின் பிரேதப் பரிசோதனையிலேயே பாலியல் வன்முறைக்கான அறிகுறி இருந்தது. போலீஸ் அதை ஒட்டி உடனே நடவடிக்கை எடுக்கவில்லை. இளையவள் அக்காவின் சாவைப் பற்றிச் சொல்லக்கூடிய முக்கியச் சாட்சி, அவளும் போய்விட்டாள். 2019இல் போக்சோ நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. 2021 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் விசாரணையிலும் வழக்கை நடத்தியதிலும் இருந்த குறைகளைக் கடுமையாகச் சுட்டிக்காட்டி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. வழக்கு சிபிஐக்குப் போனது. சிபிஐயின் முதல் அறிக்கையை 2022இல் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. 2025இல் சிபிஐ பெற்றோரையே குற்றம்சாட்டப்பட்டவர்கள் பட்டியலில் சேர்த்தது. அதில் எது உண்மை என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் முதல் குழந்தை இறந்த வாரத்தில் செய்யத் தவறியதை எத்தனை மறுவிசாரணை வந்தும் ஈடுகட்ட முடியவில்லை.

இரண்டாம் முறை 2025 டிசம்பரில். வேலை தேடி சத்தீஸ்கரிலிருந்து வந்த ஒரு தொழிலாளியைத் திருடன் என்று சந்தேகித்துக் கும்பல் அடித்துக் கொன்றது. நீ வங்கதேசத்தவனா என்ற தொனியில் கேட்டுக்கேட்டு அடித்தது காணொளியில் பதிவாகியிருந்தது. முக்காலிக்கும் அட்டப்பள்ளத்துக்கும் நடுவே ஏறத்தாழ எட்டாண்டு இடைவெளி. கேட்ட கேள்வி மட்டும் மாறியிருந்தது.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவில் கும்பல் கொலைக்குத் தனி உட்பிரிவு இருக்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து, இனம், சாதி, சமூகம், பால், பிறந்த இடம், மொழி, தனிப்பட்ட நம்பிக்கை போன்ற காரணங்களால் கொன்றால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ உண்டு. பிறந்த இடமும் மொழியும் சட்டத்தில் ஏறியது எல்லைப்புறத்துக்கு மிகவும் வேண்டியது. மதம் என்ற சொல் அந்தப் பட்டியலில் வெளிப்படையாக இல்லை என்பது என்னை உறுத்துகிறது. நாட்டில் கும்பல் கொலைகளைப் பற்றிய விவாதமே எதிலிருந்து கிளம்பியது என்று எல்லோருக்கும் தெரியும். எழுதாமல் விட்ட சொல்லை வழக்கறிஞர்கள் ஒவ்வொரு வழக்கிலும் வாதாடித்தான் உள்ளே கொண்டுவர வேண்டும்.

இதுவரை சொன்னதை வைத்து, மலையாளிகள் தமிழரையும் ஆதிவாசிகளையும் புலம்பெயர்ந்த தொழிலாளர்களையும் ஒடுக்குகிறார்கள் என்ற எளிய முடிவுக்குத் தமிழ் வாசகர் வந்துவிடக்கூடாது. முதலமடை ஊராட்சியில் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனி பொள்ளாச்சிக்கு மிக அருகில் இருக்கிறது. அங்கே 2017இல் சக்கிலியர் குடும்பங்கள் எழுப்பிய புகார், தேநீர்க் கடையில் தனிக் குவளை, குடிநீர் பிடிப்பதில் தனி ஒதுக்கம் பற்றியது. குற்றம்சாட்டப்பட்டவர்கள் அதே ஊரின் தமிழ் பேசும் கவுண்டர்கள். மாநிலம் மாறியும் கொங்கு நாட்டின் சாதி மாறவில்லை. சாதிக்கு எந்தச் சோதனைச் சாவடியிலும் பர்மிட் கேட்பதில்லை.

இடுக்கியில் வட்டவடை. கொடைக்கானல் மலைத்தொடரை ஒட்டிய, தமிழ் பேசும் காய்கறி விவசாயிகளின் ஊராட்சி. அங்கே முடிதிருத்தும் கடைகளில் சக்கிலியருக்கு முடி வெட்ட மறுத்துவந்தார்கள். தலைமுறை தலைமுறையாக அவர்கள் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டார்கள், அல்லது 40 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து மூணாறுக்குப் போனார்கள். முடி வெட்டிக்கொள்ள ஒரு நாள் கூலியை இழப்பது என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடம் திறக்கும் முன்பு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு விடியற்காலை ஜீப்பைப் பிடிக்கும் அப்பனின் நிலையை யோசித்துப் பாருங்கள். ஊராட்சி தலையிட்டது. பாகுபாடு காட்டிய கடைகளை மூடச் செய்து, 2020இல் கோவிலூரில் எல்லோருக்குமான பொது முடிதிருத்தகம் ஒன்றைத் தானே திறந்தது. புகார் கொடுக்கட்டும், வழக்கு நடக்கட்டும் என்று காத்திருக்காமல் நாற்காலியும் கண்ணாடியும் வாங்கிப்போட்டுக் கதவைத் திறந்தார்கள். இந்த எல்லையில் நடந்த நல்ல காரியங்களில் இதை நான் மிக உயர்வாக வைக்கிறேன்.

2011 டிசம்பரையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்த அந்த மாதத்தில் குமுளி, உடும்பன்சோலைப் பகுதிகளில் ஏலத்தோட்டங்களுக்குப் போகும் தமிழ்த் தொழிலாளர்கள் தாக்கப்பட்டார்கள். பலர் உயிருக்குப் பயந்து தோட்டங்களைவிட்டுக் காட்டுவழியே கீழே தேனி மாவட்டத்துக்கு இறங்கி வந்தார்கள். இந்தப் பக்கம் கம்பம், தேனி வட்டாரத்தில் மலையாளிகளின் கடைகளும் சொத்துகளும் தாக்கப்பட்டன. கம்பத்தில் கடை வைத்திருந்த மலையாளிக்கும் உடும்பன்சோலையில் ஏலக்காய் பறித்த தமிழச்சிக்கும் அணையின் நீர்மட்டத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. இரண்டு பக்கமும் போலீஸ் தடையுத்தரவு போட்டது. ஆனால் அடித்தவர்கள் மீது அந்த வன்முறைக்குத் தகுந்த அளவில் வழக்கு நடந்து தண்டனை கிடைத்ததாக இரண்டு பக்கமும் பேச்சில்லை.

சான்று கேட்கும் வழக்கம் மிகவும் அமைதியாக நடப்பது வருவாய்த் துறையில். மூணாறு, தேவிகுளம், பீருமேடு தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டே கங்காணிகள் ஆள் கூட்டிவந்தார்கள். வந்தவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். பட்டியல் சாதிச் சான்றிதழ் வேண்டுமென்றால், 1950இல் பட்டியல் சாதிகள் ஆணை வெளியான காலத்திலேயே குடும்பம் இங்கே இருந்தது என்று காட்டவேண்டும். ஒரு மாநிலத்தில் பட்டியலில் இருப்பவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்தச் சலுகை தானாகக் கூடவராது என்று உச்ச நீதிமன்றம் 1990இலும் 1994இலும் தீர்ப்பளித்திருக்கிறது. சட்டத்தில் அதற்கு ஒரு தர்க்கம் இருக்கலாம். லயம் என்ற தோட்டக் குடியிருப்பு வரிசையில் வாழ்ந்தவரிடம் அதை எப்படிப் பொருத்துவது? வீடு கம்பெனியுடையது. ஓய்வுபெற்றால் காலி செய்ய வேண்டும். பட்டா கிடையாது, நிலவரி ரசீது கிடையாது. தாத்தா கொழுந்து கிள்ளிய பதிவேடு கம்பெனி அலமாரியில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பிளஸ் டூ முடித்த பேத்தி கல்லூரி விண்ணப்பத்தோடு வில்லேஜ் ஆபீஸ் வாசலில் நிற்கும்போது, எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு காகிதத்தில் அவள் படிப்பு தொங்குகிறது.

இதோடு மதமும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதைத் தேவிகுளம் தனித்தொகுதி காட்டியது. 2021 தேர்தலில் 7,848 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்த ஏ. ராஜாவின் வெற்றியைக் கேரள உயர் நீதிமன்றம் 2023 மார்ச் 20 அன்று செல்லாது என்றது. அவர் கிறிஸ்தவர், எனவே இந்து பறையர் என்று உரிமை கோர முடியாது என்பது வாதம். குண்டளை எஸ்டேட் சர்ச்சின் குடும்பப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாணப் புகைப்படங்கள் எல்லாம் நீதிமன்றத்துக்கு வந்தன. 2025 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து அவர் பதவியை உறுதிசெய்தது. ராஜா என்ற தனிமனிதர் தப்பித்தார். கேள்வி அப்படியே நிற்கிறது. 1950ஆம் ஆண்டு ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் உள்ளே சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவரும் தலித் முஸ்லிமும் இன்னும் வெளியே. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத் தடையை நீக்கச் சொன்னது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைக்கப்பட்டது. ஒரே லயத்தில், அடுத்தடுத்த வாசல்களில், ஒரே கூலிக்குக் கொழுந்து கிள்ளும் இரண்டு பறையர் குடும்பங்களில், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் குடும்பத்தின் பிள்ளைக்கு மட்டும் சாதி இல்லை என்று சட்டம் சொல்கிறது. வட்டவடை முடிதிருத்தும் கடைக்காரர் என்றைக்காவது ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்துத்தான் முடி வெட்ட மறுத்தாரா?

வனத்துறையும் இங்கே ஒரு போலீஸ்தான் என்பதை மலைக்கு வெளியே இருப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். 2022 செப்டம்பரில் இடுக்கி கண்ணம்படி ஆதிவாசிக் குடியிருப்பைச் சேர்ந்த ஓர் இளைஞர் காட்டு விலங்கின் இறைச்சி கடத்தினார் என்று கைது செய்யப்பட்டார். சிறைக்கும் போனார். வழக்கே ஜோடிக்கப்பட்டது என்று பிறகு தெரியவந்து, அதிகாரிகள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அதே மாவட்டத்தில் 2019 ஜூனில், நெடுங்கண்டம் காவல் நிலையத்தில் சட்டவிரோதமாக நாள்கணக்கில் அடைத்துவைக்கப்பட்ட ராஜ்குமார், பீருமேடு கிளைச் சிறையில் 21ஆம் தேதி இறந்தார். புதைத்த உடலைத் தோண்டியெடுத்து மறு பிரேதப் பரிசோதனை செய்யவேண்டி வந்தது. நீதிபதி நாராயண குறுப்பு ஆணையம், பிறகு சிபிஐ என்று அதுவும் நீண்டது.

இனி மைதானம். பாலக்காட்டின் பறளியும் முண்டூரும் ஓட்டக்காரர்களுக்குப் பெயர்போனவை. இடுக்கி மலை ஷைனி வில்சனையும் பீனாமோளையும் தந்தது. விளையாட்டு ஒன்றுதான் சாதி பார்க்காது, கடிகாரம் பொய் சொல்லாது என்று நம்பி ஓட வருகிறார்கள் பிள்ளைகள். கடிகாரம் பொய் சொல்வதில்லை என்பது உண்மை. கடிகாரத்துக்கு மேலே உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி அப்படிச் சொல்லமுடியவில்லை. முண்டூரைச் சேர்ந்த பி.யு. சித்ரா, விவசாயக் கூலிகளின் மகள். 2017இல் 1500 மீட்டரில் ஆசியச் சாம்பியன் ஆன கையோடு, லண்டன் உலகப் போட்டிக்கான பட்டியலிலிருந்து விடுபட்டார். கேரள உயர் நீதிமன்றம் சேர்க்கச் சொல்லியும், காலம் கடந்துவிட்டது என்று சர்வதேச அமைப்பு மறுத்துவிட்டது. அதைச் சாதிப் பாகுபாடு என்று நான் சொல்லவில்லை. தேர்வுக்குழு விளக்கம் சொல்லவேண்டியதில்லை, ஓடியவர்தான் நீதிமன்றம் போகவேண்டும் என்ற ஏற்பாட்டைச் சொல்கிறேன். புதுக்கோட்டை மாவட்டத்தின் சாந்தி சவுந்தரராஜனுக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை. 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற, செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். பாலினப் பரிசோதனை என்ற பெயரில் பதக்கம் பறிக்கப்பட்டது. தான் பெண் என்பதற்கே சான்று கேட்டார்கள்.

மலப்புறம், பாலக்காடு வட்டாரத்தில் செவன்ஸ் கால்பந்து ஒரு திருவிழா. அணிக்கு ஏழு பேர், சிறிய மைதானம், தற்காலிகக் காலரி, விளக்கு வெளிச்சம். எல்லைக்கோட்டுக்கு மிக அருகிலேயே கூட்டம் நெருக்கி உட்கார்ந்திருக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஆடும் வீரர்கள்தான் இதன் பெரிய ஈர்ப்பு. ‘சுடானி’ என்றே எல்லோரையும் அழைப்பார்கள், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும். 2024 மார்ச்சில் மலப்புறம் மாவட்டம் அரீக்கோடு அருகே ஐவரி கோஸ்ட் வீரர் ஒருவரைக் கூட்டம் மைதானத்திலேயே துரத்தி அடித்தது. தன் நிறத்தைச் சொல்லி இழிவாகப் பேசினார்கள், கல்லெறிந்தார்கள் என்று அவர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் புகார் கொடுத்தார். இனவெறிக் கோஷம் எழுந்தால் ஆட்டத்தை நிறுத்தி, பிறகும் ஓயாவிட்டால் இடைநிறுத்தி, அதற்கும் அடங்காவிட்டால் கைவிடும் மூன்றுபடி நடைமுறை ஃபிஃபாவிடம் இருக்கிறது. செவன்ஸ் ஃபிஃபாவின் கட்டுப்பாட்டுக்கு வெளியே நடப்பது. பல்லாயிரம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ஒரு விளையாட்டில், வீரருக்கு அடைக்கலம் காவல் நிலையம் மட்டுமே.

இது மலப்புறத்துக்கு மட்டும் உரிய நோயல்ல. 2021 அக்டோபரில் கிரிக்கெட்டில் இந்தியா பாகிஸ்தானிடம் தோற்ற இரவில் முகமது ஷமியைத் துரோகி என்றார்கள். பதினொரு பேர் சேர்ந்து தோற்ற ஆட்டத்துக்கு ஒரு பெயரைத்தான் பிடித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஒலிம்பிக் அரையிறுதியில் மகளிர் ஹாக்கி அணி தோற்றபோது வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்துச் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். சென்னைக் கிரிக்கெட் வீரர்களான அபினவ் முகுந்தும் லட்சுமணன் சிவராமகிருஷ்ணனும் தங்கள் தோல் நிறத்துக்காக வாழ்நாள் முழுதும் கேட்ட பேச்சைப் பொதுவில் சொன்னார்கள். ஸ்பெயினில் வினிசியஸ் ஜூனியரை நிறம் சொல்லி இழிவுபடுத்திய மூன்று வலென்சியா ரசிகர்களுக்கு 2024 ஜூனில் எட்டு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கால்பந்து மைதான இனவெறிப் பேச்சுக்கு அந்த நாட்டில் கிடைத்த முதல் தண்டனை அது. நம் மைதானங்களில் அப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை.

லண்டனில் 1993இல் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின மாணவர் கொல்லப்பட்டார். போலீஸ் விசாரணை சொதப்பியது ஏன் என்று ஆராய்ந்த மேக்ஃபர்சன் அறிக்கை 1999இல் வெளிவந்தது. காவல்துறை என்ற அமைப்புக்குள்ளேயே இனப்பாகுபாடு ஊறியிருக்கிறது என்று அது துணிந்து எழுதியதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதன் ஒரு பரிந்துரை: பாதிக்கப்பட்டவரோ வேறு எவருமோ ஒரு சம்பவத்தை இனவெறி என்று கருதினால், போலீஸ் அதை அப்படியே பதிவுசெய்து விசாரிக்க வேண்டும். அது இனவெறிதானா என்று வாசலிலேயே தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் போலீசிடமிருந்து எடுக்கப்படுகிறது. சான்று தேடும் வேலை அரசின் தலையில் ஏறுகிறது.

இந்தியாவில் இனப்பாகுபாட்டுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2014 ஜனவரியில் அருணாசலத்தைச் சேர்ந்த நிடோ தானியா தில்லியில் அடித்துக் கொல்லப்பட்ட பிறகு பெஸ்பருவா குழு புதிய தண்டனைப் பிரிவுகளைப் பரிந்துரைத்தது, அவை சட்டமாகவில்லை. நம்மிடம் இருப்பதில் வலுவானது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். புகாரைப் பதிவுசெய்ய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று 2018இல் சேர்த்த 18ஏ பிரிவு சொல்கிறது. சாட்சிகளின் உரிமைக்கு 15ஏ இருக்கிறது. அதிகம் பேசப்படாதது நான்காம் பிரிவு. வாய்மொழியாகக் கொடுத்த புகாரை எழுதியபின், கையெழுத்து வாங்கும் முன்பு அதைப் புகார் கொடுத்தவருக்குப் படித்துக் காட்டுவது காவல் அதிகாரியின் கடமை. வேண்டுமென்றே தவறினால் அவருக்கே தண்டனை உண்டு. மலையாளம் எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத் தொழிலாளிக்கும் இருளருக்கும் முடுகருக்கும் குறும்பருக்கும் சத்தீஸ்கர்க்காரருக்கும் இந்த ஒரு வரி பெரிய கவசம். அவர்களுக்குப் புரியாத மொழியில் படித்தால் அது படித்ததாகுமா? கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமே தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்குத் தனி ஏற்பாடு வைத்திருக்கும்போது, தேவிகுளத்திலும் பாலக்காட்டுச் சித்தூரிலும் காவல் நிலையங்கள் மலையாளத்தில் மட்டும் எழுதி வாங்கும் கையெழுத்தை ஏன் ஏற்க வேண்டும்?

ஒன்றைச் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். மதுவின் வழக்கில் தண்டனை கிடைத்தது கேரளத்தில். கண்ணம்படி அதிகாரிகள் தற்காலிகப் பணிநீக்கம் ஆனதும் வட்டவடை ஊராட்சி கடையைத் திறந்ததும் அங்கேதான். பத்திரிகைகளும் சமூக அமைப்புகளும் விடாமல் துரத்தியதால்தான் இவற்றில் பல நமக்குத் தெரியவே வந்தன. எல்லையின் இந்தப் பக்கம், கொங்கு வட்டாரத்திலும் தேனியிலும், வெளியே வராமல் புதைந்த புகார்கள் எத்தனை என்று தமிழர்களாகிய நாம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வட்டவடைக்காரரான அபிமன்யு, எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மாணவர், 2018 ஜூலை 2 அன்று கத்திக்குத்தில் இறந்தார். அது அரசியல் கொலை. மேலே சொன்ன வழக்குகளின் வகையில் சேராது. ஆனாலும் அந்த வழக்கின் குற்றப்பத்திரிகை உள்ளிட்ட ஆவணங்கள் நீதிமன்றத்திலிருந்தே காணாமல் போனதாக 2024 மார்ச்சில் செய்தி வந்தபோது, மலைமேல் இருக்கும் ஒரு தமிழ்க் கூலிக் குடும்பம் எதை நம்பி மறுபடி கொச்சிக்கு பஸ் ஏறும்? காகிதம் இல்லை என்பதற்காக எழுபது ஆண்டுகளாகச் சான்றிதழ் மறுக்கப்பட்ட சனங்களின் மலை அது. நீதிமன்றம் தொலைத்த காகிதங்களை மறுபடி உருவாக்கிக்கொள்ள வழியிருந்தது. தாத்தாவின் தோட்டப் பதிவேடு தொலைந்துபோன பேத்திக்கும் அதே வழியைத் திறந்துவிட வருவாய்த் துறைக்கு என்ன தடை?